காணாமல் போன நாற்பது நிமிடம்

உதவிக் கருவிகள் வழங்கும் அலுவலகத்தின் எழுத்தருக்குக் கொடுக்கப்பட்டிருந்த மடிக்கணினி சாகவில்லை. சிக்கலே அதுதான். செத்திருந்தால் புதியது கிடைத்திருக்கும். அதற்கான படிவத்தில் 'கருவி இயங்குகிறதா?' என்று ஒரே ஒரு கேள்வி. எதிரே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். 'இயங்குகிறது, ஆனால் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நரை விழுந்துவிடுகிறது' என்று எழுத இடம் விடப்படவில்லை. எழுத்தர் நேர்மையான மனிதர். வருடா வருடம் 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

காலை ஒன்பதரைக்குப் பொத்தானை அமுக்கினால் உள்ளே ஏதோ 'கர்ர்' என்று முனக ஆரம்பிக்கும். பத்து பத்துக்குத்தான் அது வேலை செய்யும் நிலைக்கு வரும். இந்த நாற்பது நிமிடத்தை அலுவலகம் வீணடித்தது என்று யாரும் பழி சொல்ல முடியாது. பதினொரு மணித் தேநீரை முறைப்படி ஒரு சுற்றறிக்கை போட்டு ஒன்பது முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அது போதாதென்று, வேறு கணினி கேட்டு எழுத்தர் ஆறு வருடமாக அனுப்பிய கடிதங்களுக்கெல்லாம் சேர்த்துத் தலைமையகத்திலிருந்து ஒரு பொட்டலமும் வந்தது. பிரித்தால் உள்ளே வழுவழுப்பான மரப்பிடி போட்ட ஒரு ரப்பர் முத்திரை. 'கணினி மந்தம்' என்று அழகான எழுத்தில் விழும்.

காது கேட்காதவர்கள், நடக்க முடியாதவர்கள், பார்வை மங்கியவர்கள் எல்லாரும் மாதம் ஒருமுறை வந்து தங்கள் சீட்டில் அந்த முத்திரையை வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களில் ஒருவர்தான் டிரைவர். முப்பது வருடம் பேருந்து ஓட்டி இரண்டு காதையும் எஞ்சினுக்குத் தாரை வார்த்தவர். பதினோரு மாதமாகக் காது மெஷினுக்கு நடக்கிறார். கூடவே அவர் மனைவியும் வருவாள். எழுத்தர் சொல்வதை அவள் கேட்டு, டிரைவரின் முகத்துக்கு நேராக நின்று வாயை மெதுவாக அசைத்துச் சொல்வாள். டிரைவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, எழுத்தருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்.

அந்த மாதம் மூன்றாம் தேதி அவள் மட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தம்பி, வர்ற இருபத்து நாலாம் தேதி எனக்குத் தொண்டையில ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துடுவாங்களாம். அப்புறம் பேச்சு வராது" என்றாள். ஏதோ வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போவதைச் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அதுக்குள்ள இவருக்கு அந்த மெஷின் வந்துட்டா, ஒரு தடவை என் குரலைக் கேட்டுக்குவார். அஞ்சு வருஷமாச்சு அவர் கேட்டு."

எழுத்தரின் வாய் பழக்கத்தில் திறந்தது. "என்னம்மா பண்றது, சிஸ்டம் ஸ்லோ" என்று சொல்லியும் விட்டது. கை பழக்கத்தில் முத்திரையைக் குத்தியது. அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். பதினொன்றாவது முத்திரை; முன்பக்கத்தில் இடமில்லாமல் பின்பக்கத்தில் விழுந்திருந்தது. "பரவால்ல தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவள்தான் எழுத்தருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆறுதல் எழுத்தரின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை அவர் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு மச்சினன் கடைக்குப் போனார். மச்சினனுக்குப் பழைய கணினிகளைப் பிரித்து உயிர் கொடுப்பதுதான் பிழைப்பு. அவன் பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"மச்சான், இது லேப்டாப்பா, தலையணையா? உள்ள இவ்வளவு பஞ்சு இருக்கு!"

விசிறியைத் துடைத்தான். சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுற்றாத புது எஸ்.எஸ்.டி ஒன்றைப் பொருத்தினான். ஒற்றை ராம் அட்டைக்குத் துணையாக இன்னொன்றைச் செருகினான். பழையதில் இருந்ததை ஒன்று விடாமல் புதியதுக்கு மாற்றிவிட்டு, தொடங்கும்போதே என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தான். மூன்று வைரஸ் தடுப்பான்கள் ஒன்றையொன்று வைரஸ் என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எப்போதோ மண்டையைப் போட்ட பிரின்டர் ஒன்றைத் தேடி ஒரு மென்பொருள் அலைந்துகொண்டிருந்தது. இதற்கெல்லாம் பின்னால், முன்னாள் தலைவர் ஒருவரின் வரவேற்புரை தினமும் முழுசாக ஓடியிருக்கிறது, சத்தமில்லாமல், யார் கண்ணுக்கும் படாமல். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மச்சினன் பொத்தானை அமுக்கினான்.

பதினோரு வினாடி. எழுத்தர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"மாப்ளே, என்னமோ தப்பாப் போச்சு."

"என்ன தப்பு?"

"வந்துடுச்சே!"

மச்சினன் சிரித்தான். பழைய டிஸ்க்கைக் குப்பையில் போடப் போனபோது எழுத்தர் பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். அதன் மேல் அலுவலகச் சொத்து எண் ஒட்டியிருந்தது. கழற்றிய உறுப்பை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குவது மாதிரி அதைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, ஆறாம் தேதி. ஒன்பதரைக்குப் பொத்தானை அமுக்கிவிட்டு எழுத்தர் வழக்கம் போல எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் திரை வந்துவிட்டது. விண்ணப்பங்களின் பக்கமும் தானாகத் திறந்துகொண்டது. அதன் நடுவே ஒரு சின்னப் பெட்டி முளைத்தது.

'முடிக்கப்படாத விண்ணப்பம் ஒன்று உள்ளது. அனுப்பவா? ஆம். இல்லை.'

கீழே டிரைவரின் எண் இருந்தது. பதினோரு மாதத்துக்கு முந்தைய தேதியும் இருந்தது.

பதினோரு மாதமாக இந்தப் பெட்டி தினமும் வந்திருக்கிறது. தினமும் ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டுத் தானாக மூடிக்கொண்டும் இருக்கிறது. அந்த ஐந்து நிமிடம் தேநீர்க் கடையில் அவருடைய நாற்பது நிமிடத்தின் கடைசிப் பகுதியாக, இன்னொரு வாய், இன்னொரு பேச்சு என்று கழிந்திருக்கிறது. கணினி மந்தமாக இருந்தது உண்மைதான். ஆனால் டிரைவரின் விண்ணப்பத்தைக் கணினி தடுக்கவில்லை. அது ஒரு வார்த்தை கேட்டது. பதில் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

'ஆம்' என்று அமுக்க வேண்டியதுதானே? மூன்றே நாளில் ஒப்புதல் வந்துவிடும். காது மெஷின்கள் கீழறையில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. விரலைக் கொண்டும் போனார். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. அனுப்பிய தேதியும் எழுதிய தேதியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்குமே? நடுவில் பதினோரு மாதம் எழுத்தர் பெயரில் பல்லைக் காட்டுமே? கொஞ்சம் யோசித்துச் செய்யலாம் என்று நினைத்தார். யோசிப்பதற்கு அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். எழுந்து தேநீர் குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது மடிக்கணினி வெள்ளைத் துணியில் சுற்றி, அரக்கு முத்திரை வைக்கப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் பட்டியல் நின்றுகொண்டிருந்தார். அலுவலகத்தின் சொத்துப் பதிவேட்டைக் காப்பவர். எல்லாருக்கும் அவர் 'பட்டியல்'தான்; சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டே பல வருடமாயிற்று.

"சத்தம் வரலையேன்னு பாத்தேன். செத்துடுச்சுன்னு சந்தோஷமா வந்தா, உயிரோட இருக்கு! எனக்கு உடம்பே ஆடிப்போச்சு" என்றார் பட்டியல். பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். 'தன்மை: மெதுவானது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. "எழுதியிருக்கறது ஒண்ணு, இருக்கறது ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

எழுத்தர் பக்கத்து மேசைக் கணினியில் டிரைவருக்குப் புதிதாக ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்த்தார். 'இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் நிலுவையில் உள்ளது' என்று அது கதவைச் சாத்தியது. அந்த நிலுவை துணிக்குள் இருந்தது.

ஒன்பதாம் தேதி விசாரணைக் குழு கூடியது. குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப வருத்தத்தோடு ஆரம்பித்தார்.

"இந்த அலுவலகத்துக்கு நாள்தோறும் நாற்பது நிமிடம் வழங்கப்பட்டிருக்கிறது. அந்த நாற்பது நிமிடம் இப்போது எங்கே?"

"இல்லைங்க ஐயா. மிச்சமாயிடுச்சு."

"மிச்சமானதை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

எழுத்தர் தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பட்டியல் அதைக் குறித்துக்கொண்டார்.

குழுவில் கணினி வல்லுநர் ஒருவரும் இருந்தார். கணினியைப் பற்றி இருபது கூட்டங்களில் பேசியவர். "புது டிஸ்க்கில் உள்ளே எதுவுமே சுற்றாதாமே? நம் கட்டடத்தில் ஒரு கோப்பு ஏழு மேசை சுற்றித்தான் வருகிறது. சுற்றாமல் வந்த முடிவை யார் நம்புவது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

தலைவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "மக்கள் இங்கே கருவி வாங்க மட்டும் வருவதில்லை. காத்திருக்கவும் வருகிறார்கள். காத்திருக்கும்போதுதான் அவர்களுக்கு நம்முடைய அருமை தெரிகிறது. கேட்ட அன்றே கொடுத்தனுப்பிவிட்டால் அடுத்த மாதம் யார் வந்து நம்மைக் கும்பிடுவார்கள்? நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. காலியான வராந்தாவைப் பார்த்துக்கொண்டு நான் ஓய்வு பெற வேண்டுமா?" அவர் குரல் உண்மையிலேயே கம்மியது.

அப்புறம், விதியில் இருக்கிறதே என்பதற்காக, ஒரு கேள்வி கேட்டார். "முத்திரை வைத்த கணினியில் யாருக்காவது அவசரமான விண்ணப்பம் இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல்லலாம். முத்திரையைப் பிரித்து, அதை மட்டும் அனுப்பிவிட்டு மறுபடி கட்டிவிடலாம்."

இந்த அலுவலகம் தன் வாழ்நாளில் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். அறையில் ஐந்து பேர் எழுத்தரையே பார்த்தார்கள். இருக்கிறது என்றால் எந்தத் தேதி என்பார்கள். ஏன் இத்தனை நாள் என்பார்கள். அந்த நேரத்தில் எங்கே போயிருந்தீர் என்பார்கள்.

"இல்லைங்க ஐயா" என்றார் எழுத்தர்.

'இல்லை' என்று குறிப்பேட்டில் ஏறியது. அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த ஒரு வாரம் எழுத்தருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் மனைவி கூப்பிடும்போதெல்லாம் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க, பேய் அறைஞ்ச மாதிரி பாக்கறீங்க?" என்று அவள் கேட்டாள். குரல் என்று ஒன்று அவளுக்கு இருப்பதையே கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அந்த வாரம்தான் அவர் கவனித்தார். இருபத்து நாலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் அவருக்கே அவர் மேல் அருவருப்பு வந்துவிடும்.

பதினாறாம் தேதி இரண்டாம் அமர்வு. எழுத்தர் உட்காரவே இல்லை.

"ஐயா, அதுல ஒரு விண்ணப்பம் இருக்கு. அவசரம். அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். பதினோரு மாசம் தாமதமானதுக்கு சிஸ்டம் காரணம் இல்ல, நான்தான். தினமும் அது கேட்டிருக்கு, நான் டீ குடிக்கப் போயிட்டேன்."

தலைவர் குறிப்பேட்டைப் புரட்டினார். "சென்ற அமர்வில் 'இல்லை' என்று பதிவாகியிருக்கிறது. இப்போது 'இருக்கிறது' என்கிறீர்கள். இரண்டில் எதற்கு நான் கையெழுத்துப் போடுவது?"

"தப்பு என் மேலதான் ஐயா. அதை எழுதிக்குங்க."

"எங்கே எழுதுவது?" தலைவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "தாமதத்துக்கான காரணங்கள் மொத்தம் ஆறு. மின்வெட்டு, கணினி, இணையம், விடுமுறை, இயற்கைச் சீற்றம், விண்ணப்பதாரர். 'எழுத்தர்' என்று ஏழாவதாக ஒன்று கிடையாது. இத்தனை வருடத்தில் அது தேவைப்பட்டதே இல்லை." எழுந்து வந்து எழுத்தரின் தோளில் கை வைத்தார். "நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை என்று நாங்களே எழுதித் தருகிறோம்."

எழுதியும் தந்தார்கள். பதினோரு மாதத் தாமதத்துக்கு இரண்டாம் காரணமே காரணம் என்று தீர்மானமாயிற்று. மடிக்கணினியை அதன் 'இயல்பு நிலைக்கு' இருபதாம் தேதி மீட்டெடுப்பது என்றும் முடிவாயிற்று.

இருபதாம் தேதி விழா. மச்சினனை வரவழைத்திருந்தார்கள். முத்திரை பிரிக்கப்பட்டது. அவன் புது டிஸ்க்கைக் கழற்றிப் பழையதைப் பொருத்தினான். ராம் அட்டையை உருவினான். நிறுத்தி வைத்த வைரஸ் தடுப்பான்களை மறுபடி ஒன்றோடொன்று மோத விட்டான். வரவேற்புரையும் ஓட ஆரம்பித்தது. வல்லுநர் கையில் கடிகாரத்தோடு நின்றார். முப்பத்தெட்டு நிமிடம்தான் வந்தது. முகங்கள் தொங்கிப்போயின.

"விசிறியில தூசி இல்லையே சார், அதான்" என்றான் மச்சினன்.

"அந்தத் தூசி எங்கே? அதுவும் சொத்துதானே?" என்று பட்டியல் பதறினார். தூசி கிடைக்கவில்லை. கடைசியில் நாலாவதாக ஒரு வைரஸ் தடுப்பானைப் போட்டு மறுபடி அளந்தார்கள். நாற்பத்தொன்று! எல்லாரும் கை தட்டினார்கள்.

கைதட்டலுக்கு நடுவே திரையில் அந்தச் சின்னப் பெட்டி முளைத்தது. 'அனுப்பவா?'

எழுத்தர் பாய்ந்தார். இப்போது அமுக்கினாலும் இருபத்து மூன்றுக்குள் வந்துவிடும். நீட்டிய கையைத் தலைவர் பிடித்துக்கொண்டார். வாழ்த்துக்குத்தான் கை நீட்டுகிறார் என்று நினைத்து, இரண்டு கையாலும் பற்றிக் குலுக்கினார். "ஐயா, ஒரு நிமிஷம், அதுல..." என்றார் எழுத்தர். "நான் பேசி முடித்துவிடுகிறேன்" என்று தலைவர் கையை விடாமலே பேச ஆரம்பித்தார். பட்டியல் கணினிக்கு முன்னால் வந்து நின்று, "ஒப்படைப்புச் சீட்டு எழுதாம யாரும் தொடக் கூடாது" என்றார். ஐந்து நிமிடம் பெட்டி காத்திருந்தது. தலைவர் ஏழு நிமிடம் பேசினார்.

ஒப்படைப்புச் சீட்டு இருபத்தேழாம் தேதி வந்தது. அன்றைக்கு ஒன்பதரைக்குப் பொத்தானை அமுக்கிவிட்டு எழுத்தர் நாற்காலியை விட்டு அசையவில்லை. நாற்பத்தொரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'ஆம்' என்று அமுக்கினார். மூன்றாம் நாள் ஒப்புதல் வந்தது.

அடுத்த மாதம் ஒரு காலை, ஒன்பதே முக்காலுக்கு டிரைவர் வந்தார். இரண்டு காதிலும் புது மெஷின். கூடவே அவர் மனைவி. கழுத்தில் கட்டு, கையில் எழுதித் துடைக்கிற ஒரு சின்னப் பலகை.

"வந்துடுச்சு தம்பி!" என்று டிரைவர் கத்தினார். "எல்லாமே கேக்குது. மின்விசிறி, நாற்காலி, அங்க குத்தற முத்திரை, எல்லாம் மொத்தமா உள்ள வந்து விழுது. பழகிடும்னாங்க." பையிலிருந்து போனை எடுத்தார். "ஆபரேஷனுக்கு முதல் நாள் இவ பேசிப் பதிஞ்சு வச்சிருந்தா. நாலு நிமிஷம். அதுக்கு மேல தொண்டை ஒத்துழைக்கலையாம். மெஷின் வந்ததும் முதல்ல அதைத்தான் கேட்டேன். அதுல நீங்க கூட வர்றீங்க தம்பி!"

போனை ஜன்னலுக்குள் நீட்டினார். தேய்ந்த குரல் ஒன்று வந்தது. மருந்து மாத்திரை எங்கே இருக்கிறது, தண்ணீர் வரி சீட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. "அப்புறம், ஆபீஸ்ல அந்தத் தம்பி மேல கோவிச்சுக்காதீங்க. அவர் என்ன பண்ணுவார், பாவம். சிஸ்டம் ஸ்லோ."

இருந்ததே நாலு நிமிடம். அதிலும் ஒரு பங்கை அவள் இவருக்காகச் செலவழித்திருக்கிறாள்.

"இல்லம்மா" என்றார் எழுத்தர். "சிஸ்டம் இல்ல. தப்பு என்னோடது. ஒரே ஒரு பட்டன் அமுக்கணும். தினமும் கேட்டுது. நான் அமுக்கல. விசாரணையில கேட்டப்பவும் இல்லைன்னு சொல்லிட்டேன்."

டிரைவருக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாய் விழுந்ததில் எதுவும் பிடிபடவில்லை. பழைய பழக்கத்தில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்றார்?"

அவள் எழுத்தரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எழுதிக் கணவனிடம் காட்டினாள். திறந்து கிடந்த ஜன்னல் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்த எழுத்தை எழுத்தர் கூட்டிப் படித்தார்.

'எல்லாம் சரியாயிடுச்சாம்.'

"அப்பாடா! இனிமே வர்றவங்களுக்கு அலைச்சல் இல்ல" என்று டிரைவர் கும்பிட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார்.

அவள் நகரவில்லை. பலகையைத் துடைத்தாள். மறுபடி எழுதி, இந்தத் தடவை எழுத்தரின் பக்கம் திருப்பினாள்.

'எந்த பட்டன்?'

எழுத்தர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். மணி ஒன்பது ஐம்பது. உள்ளே 'கர்ர்' என்று முனகிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே 'காத்திருக்கவும்' என்று எழுதியிருந்தது.

அவள் காத்திருந்தாள். வாசலிலிருந்து டிரைவர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, பலகையைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.